கைவேலையில் வளரும் தாய்மொழி

2023ஆம் ஆண்டு பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியாவுக்குச் சென்றவர்கள் அங்கே ஒரு பெரிய ரங்கோலியைக் கண்டனர். அது ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்டது. திருவள்ளுவர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் ஆகிய நால்வரின் உருவங்கள் அதில் இடம்பெற்றிருந்தன. அதை உருவாக்க 26,000 ஐஸ்கிரீம் குச்சிகள் பயன்படுத்தப்பட்டன. சுதா ரவி என்பவரும் அவருடைய மகளும் சேர்ந்து ஒரு மாத காலம் உழைத்து அதைச் செய்து முடித்தனர். அப்படைப்பு சிங்கப்பூர்ச் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது. சுதா ரவி 2016ஆம் ஆண்டிலும் 3,200 சதுர அடி ரங்கோலி ஒன்றை உருவாக்கிச் சாதனை படைத்தவர்.

அந்தச் செய்தியைப் படித்த பலர் 26,000 என்ற எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் பேசினர். ஆனால், அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. ஒரு தாயும் மகளும் ஒரு மாதம் ஒரே வேலையில் இணைந்திருந்தார்கள். எல்லாக் குடும்பங்களாலும் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற முடியாது. ஆனால், பிள்ளையோடு உட்கார்ந்து கையால் ஒன்றைச் செய்யும் மகிழ்ச்சி எல்லா வீட்டுக்கும் எட்டக்கூடியதே. அது வெறும் பொழுதுபோக்கு அன்று. தாய்மொழியை வீட்டில் உயிரோடு வைத்திருக்க உதவும் எளிய வழிகளில் ஒன்று.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி ஆங்கிலம். பள்ளியில் தமிழ்ப் பாடம் இருக்கிறது. வானொலியும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. அப்படியிருந்தும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே தெரிகிறது. “தமிழில் பேசு” என்று சொல்வதால் மட்டும் பேச்சு வந்துவிடாது. பேசுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். கைவேலை அந்த ஒன்றைக் கொடுக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். அடுக்குமாடி வீட்டில் ஒரு தாய் தம் ஆறு வயது மகளுக்குக் கோலம் போடக் கற்றுக்கொடுக்கிறார். வீட்டுக்கு முன்னால் மண் வாசல் இல்லை. அதனால், ஒரு கறுப்பு அட்டையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைக்கிறார்கள். கோலம், “ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நான்கில் நிறுத்தவும்” என்ற வகையைச் சேர்ந்தது. நடு வரிசையில் ஏழு புள்ளிகள். அதற்கு மேலும் கீழும் ஆறு, ஐந்து, நான்கு என்று புள்ளிகள் குறைந்துகொண்டே போகும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அமையவேண்டும். மகள் விரலால் தொட்டு எண்ணிப் பார்க்கிறாள். மொத்தம் 37. கணக்கு சரியாக வந்ததும் அவள் முகத்தில் தோன்றும் சிரிப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

அந்த அரை மணி நேரத்தில் அவள் எத்தனை சொற்களைக் கேட்டிருப்பாள்! ஊடுபுள்ளி, வரிசை, வளைவு, இழை, சிக்கு, கோணல் ஆகியவற்றை யாரும் அவளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கவில்லை. கோடு வளைந்தபோது ‘வளைவு’ புரிந்தது. தவறாகப் போனபோது ‘கோணல்’ புரிந்தது. கொழுக்கட்டை செய்யும்போது ‘பிசை’, ‘உருட்டு’, ‘கிள்ளு’ ஆகிய சொற்களும், தேக்காவில் வாங்கிவந்த மல்லிகையைக் கட்டும்போது ‘தொடு’, ‘முழம்’ ஆகியவையும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. கை செய்ததை மனம் எளிதில் மறப்பதில்லை.

இத்தகைய வேலைகளுக்குப் பெரும் பொருட்செலவும் தேவையில்லை. பழைய சட்டைத் துணியை வெட்டிச் சிறு பைகளாகத் தைத்து, உள்ளே பச்சைப்பயற்றை நிரப்பினால் ஐந்து கல் விளையாட்டுக்கான ‘கற்கள்’ தயார். அவ்விளையாட்டைத் தமிழ்நாட்டில் அஞ்சாங்கல் என்பார்கள். மலாய்க்காரர்கள் பத்து செரம்பான் என்பார்கள். தாய் தைத்துக் கொடுத்த ஐந்து பைகளை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மலாய், சீனப் பிள்ளைகளோடும் சேர்ந்து விளையாடலாம். வீட்டில் தொடங்கிய மகிழ்ச்சி அண்டை வீட்டுக்கும் பரவும்.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகள் பள்ளி நேரம் தவிர, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே திரையைப் பார்க்கவேண்டும் என்று சுகாதார அமைச்சு 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது எளிது. ஆனால், வெறுமையான கைக்கு வேறொரு வேலை கிடைக்காவிட்டால் பிள்ளை மீண்டும் திரையைத்தான் தேடும். ஒரு சுண்ணக்கட்டியோ ஒரு பிடி மாவோ அந்த வெறுமையை நிரப்பும்.

“வேலைக்குப் போய் வரும் தாய்க்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. கடையில் ஒட்டுக்கோலம் கிடைக்கிறது. ஒரே நிமிடத்தில் தரையில் ஒட்டிவிடலாம். களைத்து வந்த நாளில் அதை வாங்கி ஒட்டுவது குற்றமும் அன்று. ஆனால், ஆண்டு முழுவதும் எல்லாவற்றையும் ஒட்டியே முடித்துவிட்டால் பிள்ளையோடு சேர்ந்து செய்ய என்ன மிஞ்சும்? நாள்தோறும் செய்யவேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம் போதும்.

அந்த அரை மணி நேரத்தையும் தாய் மட்டுமே கொடுக்கவேண்டும் என்பதில்லை. “பிள்ளைகளோடு கைவேலை” என்றாலே அம்மாவின் வேலை என்று நினைப்பது பழைய வழக்கம். அப்பா மாவிலைத் தோரணம் கட்டலாம். தாத்தா பட்டம் செய்து கொடுக்கலாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ தம்பிக்குக் காகிதக் கப்பல் செய்யக் கற்றுக்கொடுக்கலாம். சுமையைப் பகிர்ந்துகொண்டால்தான் அந்த மகிழ்ச்சியும் நிலைக்கும்.

மற்றொன்றையும் பெரியவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். பிள்ளை போட்ட கோடு கோணலாக இருந்தால் உடனே அழித்துத் திருத்தக்கூடாது. அவள் பேசும் தமிழில் பிழை இருந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் குறுக்கிட்டால் அவள் கோலத்தையும் விட்டுவிடுவாள்; தமிழையும் விட்டுவிடுவாள். கோணல் கோலத்தையும் வாசலில் வைக்கும் வீட்டில்தான் பிள்ளை மறுநாளும் சுண்ணக்கட்டியைத் தேடி எடுப்பாள்.

கோலம் நீண்டநாள் நிற்பதன்று, மறுநாள் அழிந்துவிடும். ஆனால், அதைப் போட்டபோது அம்மா சொன்ன சொற்கள் அழிவதில்லை. அந்தப் பிள்ளை ஒருநாள் தன் பிள்ளையின் விரலைப் பிடித்துப் புள்ளி வைக்கும்போது, அதே சொற்கள் அவள் வாயிலிருந்து வரும்.