வெட்டாத பதிவையும் கேட்டு வாங்குங்கள்

சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் கல்யாணம், தோட்டத்துக் கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து, கணினியில் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். கேட்பவர்களுக்கு வேண்டியது இரண்டு மணி நேரப் படம்: தாலி கட்டு, தீமிதி, பொருத்தமான பாட்டு. படத்தை ஒப்படைத்ததும் மூலப் பதிவை அழித்துவிடுவது எங்கள் தொழிலில் பலருக்கு வழக்கம். அடுத்த வேலைக்கு டிஸ்க்கில் இடம் வேண்டுமே. இந்த வழக்கம் நிற்க வேண்டும்.

தீக்குழிக்காகக் கேமரா காத்திருக்கும் நேரத்தில் பின்னால் லயத்து வீடுகள் தெரியும், பெரட்டுக் களம் தெரியும். பால்மரம் வெட்டிய காலத்தில் இந்த மாரியம்மனுக்கு முதல் கல்லை யார் நட்டார்கள் என்று ஒரு பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு மணி நேரப் படத்தில் அதற்கு இடமில்லை. சில ஆண்டுகளில் லயம் போய்த் தாமான் வந்துவிடும், இல்லாவிட்டால் செம்பனை நிற்கும். "அண்ணே, எங்க பாட்டி பேசினது ஏதாவது இருக்கா?" என்று பிள்ளைகள் வருவது அப்போதுதான்.

1942, 43இல் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனார்கள். 1947இல் பீடோங் பக்கம் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை எழுந்தது, ஹார்வர்ட் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. இதையெல்லாம் இருபது வயதில் பார்த்தவர்கள், ஏவிசிஎச்டி வகை எச்டி கேமராக்கள் 2006இல் அறிமுகமானபோது எண்பதை ஒட்டியிருந்தார்கள். நம் கல்யாண மண்டபங்களின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். வாழ்த்துச் சொல்ல மைக்கை வாங்குவார்கள், பழைய கதைக்குப் போய்விடுவார்கள். வீட்டார் முதலில் வெட்டச் சொல்வது அந்தப் பகுதியைத்தான்.

டிஸ்க்கில் இடமில்லை என்பது இன்று செல்லாத காரணம். வினாடிக்கு 24 மெகாபிட் அளவில் பதிந்த ஃபுல் எச்டி, மணிக்கு ஏறத்தாழ 11 ஜிபிதான். 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 350 மணி நேரம் அடங்கும். இரண்டு வாங்கி, ஒன்றைக் கோயிலிலும் மற்றதைச் செயலாளர் வீட்டிலும் வையுங்கள். ஒரே டிஸ்க்கை நம்பக் கூடாது. நம் ஊர் மாலை நேர இடிமின்னலில், மாட்டியிருப்பதெல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.

பழைய கணினி திணறுகிறது என்பார்கள். உண்மைதான். ஏவிசிஎச்டி வகைக் கோப்பில் முழுப் படம் இடையிடையேதான் இருக்கும். மற்ற இடங்களில் மாறிய பகுதி மட்டுமே பதிந்திருக்கும். வெட்டும் இடத்தில் எல்லாம் கணினி கணக்குப் போட்டுப் படத்தை மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே ப்ராக்ஸி என்னும் இலகுவான நகலை வைத்து வெட்டலாம். மூலத்தைத் தொடவே வேண்டாம். இன்னொன்று: நீளமான பதிவைக் கேமரா துண்டு துண்டாக எழுதும். தேவையான கோப்பை மட்டும் பொறுக்காமல், கார்டில் உள்ளதை அப்படியே முழுதாக நகலெடுக்க வேண்டும்.

பெயர் எழுதாத பதிவு பாதி தொலைந்த பதிவு. கோப்புக்குக் கேமரா வைப்பது வெறும் எண். தோட்டம், டிவிஷன், தேதி, பேசுபவர் யார், யாருடைய தாயார் என்று பத்து வரி தட்டச்சு செய்து கூடவே போட்டு வைத்தால் போதும். வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் ஒரு மணி நேர வேலை.

கோயில் தலைவர்களே, பெண்ணைப் பெற்றவர்களே, முன்பணம் கொடுக்கும்போதே வெட்டாத பதிவும் வேண்டும் என்று பேசிவிடுங்கள். டிஸ்க்கை நீங்களே வாங்கிக் கொடுத்தால் எந்த வீடியோக்காரரும் மறுக்க மாட்டார். முன்பு எடுத்தவர்களிடம் பழைய பதிவு இன்னும் அழியாமல் கிடக்கலாம். இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள்.