துப்பறிபவருக்கும் துக்கம் உண்டு



துப்பறியும் கதைச் சிறப்பிதழ் என்று அறிவித்ததும் ஆவடி, பூந்தமல்லி, திருமுல்லைவாயல் பக்கமிருந்தெல்லாம் கடிதங்கள். பாதிக்கு மேல் சங்கர்லாலா, கணேஷ்-வசந்தா என்ற சண்டைதான். (ஆசிரியர் நடுநிலை வகிக்க வேண்டும். ஆனாலும் நான் வசந்த் கட்சி.) ஒன்றுதான் உறுத்துகிறது. நம் துப்பறிவாளர்கள் துக்கம் காப்பதே அபூர்வம். பிணத்தைப் பார்ப்பார்கள், தேநீர் குடிப்பார்கள், அடுத்த தடயத்துக்குப் போய்விடுவார்கள்.

ஜோசப் ஹான்சன் 1970-ல் எழுதிய ‘ஃபேட்அவுட்’ நாவலின் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர் அப்படியில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் இன்ஷூரன்ஸ் கிளெய்ம்களை விசாரிப்பவர், தன்பாலின ஈர்ப்பாளர். இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த ராட் புற்றுநோயில் இறந்து சில வாரங்களே ஆகின்றன. வெறும் வீட்டில் இருக்க மாட்டாமல் வேலைக்குத் திரும்புகிறார். கார் கிடைத்திருக்கிறது, ஆளைக் காணோம் என்று ஒரு வழக்கு. கம்பெனி அப்பாவுடையது, மகன் யாரை இழந்தான் என்று அவருக்குத் தெரியும்.

அப்படித் தெரிந்த முதலாளி எத்தனை பேருக்கு வாய்ப்பார்? அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கும் ஒருவருக்கு அதே இழப்பு நேர்ந்தால் லீவு லெட்டரில் என்ன எழுதுவார்? ‘ரூம்மேட் இறந்துவிட்டார்’ என்றால் ஒருநாள் கிடைக்கலாம். காரியத்துக்குப் போனாலும் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளித்தான் நிற்க வேண்டும். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு அவரைக் குற்றவாளியாகவே வைத்திருந்தது.

1987-ல் வந்த ‘எர்லி கிரேவ்ஸ்’ நாவலில் டேவுக்கு வயதாகிவிட்டது. ஊரில் எய்ட்ஸ். நோய் கண்ட இளைஞர்களை யாரோ குத்திக் கொல்கிறார்கள். ஓர் உடல் அவர் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. எப்படியும் சாகப்போகிறவர்கள்தானே என்று மற்றவர்கள் விட்டுவிடக்கூடிய வழக்கை டேவ் விடுவதில்லை.

அந்த நாவல் வருவதற்கு ஓராண்டு முன்பு நம் சென்னையிலும் ஒரு துப்பறிதல் நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, கணவரோடு இரவு ரயிலில் காட்பாடி போனார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் அதுதான் முதல்முறை. சென்ட்ரலிலிருந்து காட்பாடி போகும் தடம் நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது. கடைசி லோக்கலுக்குக் காத்திருந்தவர்கள் அந்தப் பெட்டி கடந்து போனதை அறிந்திருக்க மாட்டார்கள். ரத்தம் கொடுத்த பெண்களுக்கும் எந்த நோய்க்கான சோதனை என்று சொல்லப்படவில்லை. இந்தக் கதையில் மருத்துவர்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன, நியாயம்தான். அந்தப் பெண்களுக்காக யார் அழுதார்கள் என்பது நான் படித்த எதிலும் இல்லை.

எனவே ஒரு வேண்டுகோள். யாருக்கும் சொல்ல முடியாத துக்கத்தோடு மறுநாள் வேலைக்குப் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். எழுதுங்கள். பெயர் போட மாட்டோம். சங்கர்லால் சண்டையை அடுத்த இதழில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்