சாலைச் சொற்கள் ஏட்டுக்கு மட்டுமா?



அண்மையில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம், "பள்ளிக்கு வரும் வழியில் என்னென்ன கண்டீர்கள்?" என்று வினவினேன். "ஜாம், டிராஃபிக் லைட், ஹைவே, டீச்சர்!" என்றனர். அதே மாணவர்கள் கட்டுரை ஏட்டில் 'போக்குவரத்து நெரிசல்', 'சமிக்ஞை விளக்கு', 'நெடுஞ்சாலை' என்று பிழையின்றி எழுதுகின்றனர். ஏட்டுக்கு ஒரு தமிழ், நாவுக்கு ஒரு தமிழா?

குறை குழந்தைகளுடையதன்று. ஆங்கிலம் ஒருபுறம், தமிழ் மறுபுறம் எனப் பட்டியலிட்டு மனனம் செய்யச் சொல்கிறோம். பயன்படாத சொல் எப்படி நிலைக்கும்?

சாலையே சிறந்த பாடநூல். சிவப்பு எண்கோணப் பலகையில் 'பெர்ஹெந்தி' என்றிருக்கும்; 'நில்' என்று சொல்லிக் கொடுங்கள். 'அவாஸ்' என்பது எச்சரிக்கை. 'ஜாலான் செஹாலா' என்பது ஒருவழிச் சாலை. தேசிய மொழியும் தாய்மொழியும் கைகோத்து வளரும், பாதுகாப்பும் பழகும்.

'ஜாம்' என்று சொன்ன பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா. "ஆம், இன்று நெரிசல் அதிகம்தான்" என்று இயல்பாக மறுமொழி கூறுங்கள், போதும்.

பிரிக்பீல்ட்ஸ் சாலை என்று வழங்கிய சாலை, துன் சம்பந்தன் சாலையாகி இன்று நம் நாவில் நிலைத்துவிட்டது. சொல்லச் சொல்லத்தானே பெயர் நிலைத்தது?

பெற்றோர்களே, அடுத்த முறை அங்கோ, கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிள்ளையின் கைப்பிடித்துச் சாலையைக் கடக்கும்போது, ஒரு சொல்லையாவது தமிழில் சொல்லுங்கள். வீட்டார் நாவில் ஒலிக்காத சொல்லை வகுப்பறை மட்டும் வாழவைக்க இயலாது!