பிள்ளையின் தலை அரிக்கிறதா?

பள்ளி செல்லும் பிள்ளை ஓயாமல் தலையைச் சொறிந்தால், நம்மில் பலர் முதலில் கடிந்துகொள்கிறோம். பின்னர் எண்ணெயை அள்ளித் தேய்க்கிறோம். இவை இரண்டாலும் அரிப்பு நீங்குவதில்லை. காரணத்தை அறிந்த பின்னரே மருந்தைக் கையில் எடுத்தல் வேண்டும்.

பிள்ளையை நல்ல வெளிச்சத்தில் அமர்த்தி, காதின் பின்புறத்திலும் பிடரியிலும் முடியை விலக்கிப் பார்ப்போம். தட்டியதும் உதிரும் வெண்துகள் பொடுகு. முடியைப் பற்றிக்கொண்டு எளிதில் வராதவை ஈர்கள். வட்டமாக முடி கொட்டித் தோல் செதிலெடுத்தால் அது படையாக இருக்கலாம். படைக்கு மேற்பூச்சு மட்டும் போதாது. உள்ளுக்கும் மருந்து வேண்டுமாதலால் மருத்துவரை நாடுதல் அவசியம்.

பொடுகு பெரும்பாலும் பருவ வயதினருக்கே வருவது. தோலில் வாழும் நுண்ணிய பூஞ்சை, தலையின் எண்ணெய்ப் பசையை உண்டு பெருகுகிறது. ஆகவே பொடுகுத் தலையில் எண்ணெயை ஊறவிடுதல் தகாது. கீட்டோகோனசோல் சேர்ந்த ஷாம்புவை வாரம் இருமுறை தேய்த்து, 3 முதல் 5 நிமிடங்கள் கழித்து அலசினால், சில வாரங்களில் குணம் தெரியும்.

பேனோ பறப்பதுமில்லை, குதிப்பதுமில்லை. தலையோடு தலை சேர்கையில் ஊர்ந்து மாறுகிறது. தூய்மையான இல்லத்திலும் அது வரும். 1 சதவீத பெர்மெத்ரின் மருந்தைத் தடவி, 10 நிமிடங்களில் அலசிவிட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேளாமல் தடவலாகாது. தப்பிய ஈர்கள் 7 முதல் 10 நாள்களில் பொரிக்குமாதலால், 9ஆம் நாள் மறுபடியும் தடவுதல் நலம். இடையில் ஈரத்தலையைப் பேன்சீப்பால் வாரி வருவோம். வீட்டார் அனைவரின் தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ளோர் எல்லாருக்கும் அன்றே மருந்திட வேண்டும். இல்லையேல் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது திரும்பவும் வரும்.

மண்ணெண்ணெயையும் பூச்சி மருந்தையும் தலையில் ஊற்றும் வழக்கத்தை இன்றே கைவிடுவோம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அடுப்பருகே சென்றால் தீப்பற்றும். பூச்சி மருந்து உயிருக்கே உலை வைக்கும்.

மறைக்கல்வி வகுப்பிலோ உறவினர் நடுவிலோ 'பேன் தலை' என்று ஏளனம் செய்யப்பட்ட சிறுமி, தன் அரிப்பை அடுத்தமுறை மறைக்கவே முயல்வாள். மறைக்க மறைக்கச் சொறிந்த இடம் சீழ் பிடிக்கும். மாலை வேளையில் திண்ணையில் அமர்ந்து, மகளை மடியில் சாய்த்துப் பேன் பார்த்த நம் அன்னையர், அவளது மனக்குறைகளையும் அப்போதே கேட்டறிந்தனர். வாரம் ஒருமுறை அந்த அரைமணி நேரத்தை நம் பிள்ளைகளுக்கு நாமும் ஒதுக்குவோம்.