ஏரிக்கரைக் குடித்தனம்

கொல்கத்தாவில் கடல் கிடையாது. நீர்க்கரையில் அமைதியாக வாழ விரும்புகிறவர்களுக்குத் தெற்குக் கொல்கத்தாவில் ரவீந்திர சரோவர் இருக்கிறது. 1920களில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சதுப்பு நிலத்தை வெட்டி உருவாக்கிய ஏரி. தண்ணீர்ப் பரப்பு மட்டும் சுமார் 73 ஏக்கர். பக்கத்திலேயே லேக் மார்க்கெட். தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருக்கும் பகுதி என்பதால் வாழை இலை, கறிவேப்பிலை, பூச்சரம் எதற்கும் அலைய வேண்டாம். விடிகாலையில் படகுக் குழுக்களின் துடுப்புகள் ஒரே சீராகத் தண்ணீரைத் தள்ளும் ஓசை கரையில் நடப்பவர்களுக்கு நன்றாகவே கேட்கும். இந்தப் பெருநகரத்தில் இது எவ்வளவு பெரிய பேறு!

ஆனால் இந்த அமைதி தானாக நிலைத்துவிடவில்லை. ஏரியில் சூரியனை வணங்கும் சத் பூஜையை நடத்தக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்த பிறகும், 2019இல் கூட்டம் வாயிற்கதவுகளை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் தடையைத் தளர்த்த மறுத்தது. நகரின் வேறு இடங்களில் படித்துறைகள் ஏற்பாடாயின, ஏரி தப்பியது. சூரியனை நீரில் நின்று வணங்குவது ஏழை எளியவர்களின் ஆழ்ந்த பக்தி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு நல்ல துறை கட்டித் தராமல் பூட்டை மட்டும் நம்புவது சரியல்ல. கரையோர அடுக்ககங்களில் வசிக்கும் நாம்தான் அந்தத் துறைகளுக்காக மாநகராட்சியிடம் முதலில் குரல் கொடுக்க வேண்டும்.