யார் வாங்கிய கடன்?

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். பிளம்ஸும் மலைப்பூண்டும் வாங்கி வருவார்கள். அங்குள்ள சூரிய ஆராய்ச்சிக் கூடத்தை எட்டிப் பார்ப்பவர்கள் சொற்பம். 1904 முதல் அங்கே சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வருகிறார்கள். பெரிய பொக்கிஷம்!

பிற்காலத்தில் அந்தப் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். பார்த்தால், சிலவற்றில் நேரக் குறிப்பு பிசகு. நேரம் பிசகினால் படத்தில் சூரியனின் வடக்கு எது, தெற்கு எது என்பதும் பிசகிவிடும். எப்போதோ நேர்ந்த சிறு பிசகுக்காக இன்றைய ஆராய்ச்சியாளர்கள் மெனக்கெட்டுத் திருத்தினார்கள்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். வார்டு கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1992-ல் அதற்குக் 'கடன்' என்று பெயரிட்டார். அவசரத்தில் அரைகுறையாக முடித்தது இன்றைக்கு ஓடும். பிறகு ஒவ்வொரு மாற்றத்திலும் வட்டி கேட்கும். ஒரு காலத்தில் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி இடத்தை மிச்சம் பிடித்தார்கள். 2000 பிறக்குமுன் உலகமே அதற்கு வட்டி கட்டிற்று!

கடனே கூடாது என்பதல்ல. சீக்கிரம் அடைத்துவிட வேண்டும். 2001-ல் அமெரிக்க மலைவிடுதி ஒன்றில் 17 பேர் கூடி 'அஜைல்' என்ற கொள்கையை வகுத்தார்கள். வேலையைச் சிறு சிறு பகுதியாக முடித்து, அவ்வப்போது நின்று சீர்திருத்துவது அதன் சாரம். இன்று அதற்குப் பயிற்சி வகுப்புகள் ஏராளம். ஆனால் சீர்திருத்த நேரமே ஒதுக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் கடன் அடையுமா?

சகோதரிகளே! உங்கள் பெண்ணோ பிள்ளையோ இந்த வேலையிலிருந்து ராத்திரி பத்து மணிக்குக் களைத்து வந்தால் கோபிக்காதீர்கள். சாதத்தைப் போட்டுவிட்டு மெதுவாகக் கேளுங்கள்: "இன்றைக்கு யார் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டினாய்?"