இரவல் கலத்தில் ஐந்து பயணம்

மனிதரை ஏற்றிச்செல்லும் சொந்த விண்கலம் ஜப்பானிடம் இன்றுவரை கிடையாது. ஆனாலும் கோய்ச்சி வகாட்டா 1996 முதல் 2023 வரை ஐந்து முறை விண்வெளிக்குப் போய்வந்தார். அமெரிக்க ஷட்டில், ரஷ்ய சோயுஸ், ஸ்பேஸ்எக்ஸ் டிராகன் என எல்லாமே அடுத்தவர் கலம். டாலாக்காரர்களான எங்களுக்கு இது புதுசில்லை. யாங்கூன் போக ஆற்றைக் கடப்பதே ஜப்பான் 2014-ல் தந்த செர்ரி படகுகளில்தான். அதே ஆண்டு வகாட்டா சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே தளபதி! எப்படி முடிஞ்சது? அங்கே ஜப்பான் கிபோ ஆய்வுக்கூடத்தை அமைத்தது, சரக்குக் கலங்களை அனுப்பியது. இருக்கை தானாக வந்தது.

இந்தியாவின் ராகேஷ் சர்மா 1984-ல் விருந்தாளியாகப் போனார். அடுத்தவர் சுபான்ஷு சுக்லா போக 41 ஆண்டு ஆச்சு. அதுவும் காசு கொடுத்து வாங்கிய இருக்கை. சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன் ககன்யானுக்குத் தேர்வானவர். 2035-க்கு இந்தியா திட்டமிடும் விண்வெளி நிலையம் எழாவிட்டால், அவருக்கும் ஒரே பயணத்தோடு சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.